சட்டைப்பைக்குள் ஒரு கல்வெட்டு

பரிபூரணத்தின் சட்டைப்பையில் கிடந்த கல்துண்டு ஒரு புளியங்கொட்டை அளவுகூட இருக்காது. ஆனால் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட பாக்குத்தூள் மாதிரி, அது இருக்கிறது, இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. தொடக்கூடாது என்று நினைப்பான். கை தானாகப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வரும். இருக்கிறது. எங்கே போகும்? ஆயிரம் வருஷமாக மழையிலும் குளத்துத் தண்ணீரிலும் கிடந்து கரையாதது, இவன் பையில் ஒரு மத்தியானத்தில் கரைந்துவிடுமா? டிபன் டப்பாவைத் திறந்து தயிர்ச்சோற்றை நாலு கிண்டு கிண்டி, ஊறுகாயை மட்டும் நக்கிவிட்டு மூடிவைத்தாயிற்று. இப்போது அருங்காட்சியகத்தின் கல்வெட்டுக் கூடத்தில் தன் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலைப் பார்க்காதபோது எதிரே நின்ற, ஏதோ பழைய குளத்து மடையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த மடைக்கல்லைப் பார்த்தான். மடைக்கல்லைப் பார்க்க முடியாதபோது தன் காலைப் பார்த்தான். மூன்றிலும் நிம்மதி இல்லை. கூடத்தில் சின்னதும் பெரியதுமாய்க் கல்வெட்டுகள் சுவரோரம் நிற்கின்றன. அவற்றுக்கு ஒரு கேடும் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் அரசாங்கம் அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறது. பார்த்துக்கொண்ட லட்சணம் பையில் கிடக்கிறது.

எல்லாம் அந்தப் பெடஸ்டல் ஃபேனால் வந்த வினை. அதற்கும் முன்னால் போனால் சந்தனமாரியால் வந்த வினை. சே, அவளைச் சொல்லக்கூடாது, அவள் பாட்டுக்கு வருகிறேன் என்றாள், அவ்வளவுதான். கல்யாணத்துக்குச் சரியென்றோ வேண்டாமென்றோ சொல்வதற்கு முன்னால், மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடத்தை ஒருதரம் பார்த்துவிடுகிறேன் என்று அவன் அக்காவிடம் சொல்லிவிட்டிருந்தாள். இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல். அக்கா அதைப் போனில் சொன்னபோது ஆஸ்பத்திரியில் ஸ்கேன் முடிவு சொல்கிற குரலில் சொன்னாள். சட்டையைத் தேய்த்துப் போடு, தலைக்குச் சாயம் அடி, காதோரம் அடிக்க மறந்துவிடாதே, எல்லாவற்றுக்கும் மேலே வாயைத் திறக்காதே. எல்லாவற்றையும் அப்படியே செய்தான். அதோடு நின்றிருக்கலாம். கால்நடை மருந்தகத்தில் உதவியாளாக இருக்கிறவள், மாட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறவள், அங்கிருந்து மொபெட்டில் வேர்த்து விறுவிறுத்து வருவாள், வந்து கல்லுக்கு முன்னால் நிற்கும்போது கொஞ்சம் காற்று வந்தால் நன்றாயிருக்குமே என்று ஒரு நினைப்பு. நாற்பதைத் தாண்டினவனுக்கு இப்படி ஒரு நினைப்பு வரக்கூடாதா? காலையில் கூடத்தைத் திறந்ததும், நாணயக் கூடத்தில் சும்மா நின்ற ஃபேனைக் கழுத்தைப் பிடித்துச் சாய்த்து உருட்டிக்கொண்டு வந்தான். நிலைப்படியைத் தாண்டுகிற வேகத்தில் அதன் அடியில் இருந்த இரும்பு வட்டம் ஒரு துள்ளு துள்ளி, நேரே போய் மடைக்கல்லின் கீழ்மூலையில் டொக்கென்று ஒரு இடி. சத்தம்கூடப் பெரிதில்லை. குனிந்து பார்த்தால் தரையில் சில்லு. கல்லில் அந்த இடம் மட்டும், முடிவெட்டின பிடரி மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. வாசலுக்கு ஓடி யாராவது பார்த்தார்களா என்று பார்த்தான், ஒருத்தரும் இல்லை. சில்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு ஃபேனின் ப்ளக்கைச் செருகி, ஓடுகிறதா என்று பார்த்தான். ஓடியது. அந்த நேரத்திலும் அதைப் பார்க்கத் தோன்றியதே என்று இப்போது நினைக்கிறபோது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

வேறு எந்தக் கல்லாக இருந்தாலும் இவ்வளவு உதறல் இருந்திருக்காது. அந்தப் பக்கம் ஒரு நடுகல் நிற்கிறது, வாளைத் தூக்கிக்கொண்டு ஒரு வீரன். அவனுக்கு மூக்கே கிடையாது, இன்னொரு சில்லு போனால் கோபித்துக்கொள்ளவா போகிறான்? ஜன்னல் பக்கம் நிற்பது யாரோ வியாபாரிகள் கோயில் விளக்கு நெய்க்கு ஆடு விட்டதைச் சொல்கிற கல். ஆட்டுக்காரர்கள் நல்ல ஜனம், பொறுத்துக்கொள்வார்கள். போயும் போயும் இந்த மடைக்கல். காப்பாட்சியர் ஹெலன் மேடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் இதற்கு முன்னால் வந்துதான் நிற்பார். கண்ணாடியைக் கழற்றுவார். குரலை ஒரு படி இறக்குவார். இந்தக் கல்லுக்குக் கேடு செய்தவன் வம்சம் விளங்காது, ஏழு தலைமுறைக்கு அவன் வீட்டில் தொட்டில் ஆடாது என்று இதில் வெட்டியிருக்கிறது என்பார். அவ்வளவுதான், கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்த கைகளெல்லாம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பரிபூரணத்துக்கு அந்த எழுத்தில் ஒன்றுகூடப் பிடிபடாது. வட்டெழுத்தாம். கைப்பழக்கம் இல்லாதவள் பிழிந்த முறுக்கு மாதிரி சுழியும் வளையமுமாய்க் கிடக்கும். ஆனால் சாபம் அவனுக்கு மனப்பாடம். மேடம் இல்லாத நாளில் அவன்தான் சொல்வான். மேடத்தைவிட நன்றாகவே சொல்வான். தொட்டில் என்ற இடத்தில் விரலை மேலே காட்டுவான், ஆடாது என்ற இடத்தில் ஒரு இழுப்பு இழுப்பான். கட்சிக்காரர் ஒருத்தர் கல்மேல் முழங்கையை ஊன்றிப் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தபோது இவன் போய்ப் பக்குவமாகச் சொல்ல, மனுஷன் சுடுதண்ணீர் பட்டவர் மாதிரி கையை எடுத்தார். இப்படி ஊரில் உள்ளவனுக்கெல்லாம் வாய் நிறையப் பரிமாறினது, இன்றைக்குச் சுற்றிக்கொண்டு வந்து தன் இலையிலேயே விழுந்துவிட்டது.

அதிலும் கொடுமை, அந்தச் சாபத்தைச் சந்தனமாரியிடமும் சொல்லியிருந்தான். பெண் பார்க்கப் போன வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கையில் கேசரித் தட்டை வைத்துக்கொண்டு, வம்சம் விளங்காது என்று பேச்சை ஆரம்பித்த மாப்பிள்ளை உலகத்திலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். அவன் மேலும் முழுத் தப்பு இல்லை. இதற்கு முன்னால் பார்த்த வீடுகளிலெல்லாம் கல்லுக்குக் காவலா, கல்லு என்ன எழுந்து ஓடிவிடுமா என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒரு மாமனார் ஆகவேண்டியவர் சிரித்துச் சிரித்து விக்கலெடுத்து, அந்த விக்கலிலேயே சம்பந்தம் முறிந்துபோனது. சந்தனமாரி சிரிக்கவில்லை. அங்கே என்ன கல்லெல்லாம் இருக்கிறது என்று கேட்டாள். கேட்ட சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை, எடுத்த எடுப்பில் தன் கடையில் இருந்த பெரிய சரக்கை எடுத்து வைத்துவிட்டான். விரலைக்கூட மேலே காட்டினான். அங்கே உத்திரத்தில் நிஜமாகவே ஒரு பழைய தொட்டில் கொக்கி இருந்தது. எல்லாரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள். அக்கா அவன் தொடையில் கிள்ளின தழும்பு அப்புறம் பல நாளைக்கு இருந்தது. சந்தனமாரி மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி நெற்றியைச் சுருக்கினாள், பிறகு குனிந்து அவன் காலைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அவள் அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடு வாங்க வருகிறவர்கள் கொம்பைப் பார்ப்பார்கள், மடியைப் பார்ப்பார்கள், தான் முதலில் காலைத்தான் பார்ப்பது வழக்கம் என்று அவளே அக்காவிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். அக்கா அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள். பரிபூரணத்தால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவன் கால் பார்க்கிற மாதிரியா இருக்கிறது? பகலெல்லாம் சிமெண்டுத் தரையில் நின்று நின்று நரம்பு புடைத்து, குதிகால் கோடைக் குளம் மாதிரி வெடித்து, போதாக்குறைக்குச் செருப்பு வார் அறுந்து ஊக்கு மாட்டியிருக்கிறது. சட்டையைத் தேய்க்கச் சொன்ன அக்காவுக்குச் செருப்பைச் சொல்லத் தோன்றவில்லை. இவனுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றியது. பஸ் ஏறின பிறகு தோன்றியது.

வாசலில் நிழல் விழுந்தது. தூக்கிவாரிப் போட்டது. யாரும் இல்லை, தோட்டத்து நாய். ஹெலன் மேடம் சாப்பிட்டுவிட்டுத் தன் அறையில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார், அவர் இந்தப் பக்கம் வராமல் இருக்கவேண்டும், அல்லது வந்தாலும் கீழே பார்க்காமல் இருக்கவேண்டும். சில்லை ஒட்டிவிட்டால் என்ன? ஃபெவிகால் அலமாரியில் இருக்கிறது. ஒட்டி வைத்து, அவள் வந்து நிற்கிற நேரத்தில் பொத்தென்று விழுந்தால்? எம்-சீல் வைத்து அடைத்தால்? வீட்டில் குழாய்க்கு வைத்ததே ஒழுகிக்கொண்டிருக்கிறது. பேசாமல் ஆற்றில் போட்டுவிடலாம். ஐயோ, அது கேட்டின் மேல் கேடு, அப்புறம் பதினாலு தலைமுறை ஆகிவிடும். இப்படி யோசித்துக்கொண்டே வரும்போது வேறொரு எண்ணம் மெல்லத் தலைநீட்டியது. கேடு செய்தவன் என்றுதானே சொல்லியிருக்கிறது, இடித்தது யார்? ஃபேன். ஃபேன் யாருடையது? அரசாங்கத்தினுடையது. அப்படியானால் விளங்காமல் போவது அரசாங்கத்தின் வம்சம்தானே? ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. ஆனால் ஃபேனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினது யார் என்று கல்லு திருப்பிக் கேட்குமே. கேட்கும். கல்லு அந்தக் காலத்துக் கல்லு, இந்தக் காலத்து வக்கீல் பேச்செல்லாம் அதனிடம் செல்லாது. சரி, வேறு வழியில் பார்ப்போம். வம்சம் விளங்காமல் போகவேண்டும் என்றால் முதலில் வம்சம் என்று ஒன்று வேண்டும். வம்சம் வேண்டும் என்றால் பெண்டாட்டி வேண்டும். ஆகவே சாபம் பலிப்பதற்காகவாவது இந்தக் கல்யாணம் நடந்துதான் ஆகவேண்டும். பரிபூரணம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். சந்தனமாரி சரியென்று சொல்லிவிடுவாள், கல்லே சொல்ல வைத்துவிடும், மாலை மாற்றி, பால் பழம் சாப்பிட்டு, அப்புறம் மறுவருஷம், அதற்கு மறுவருஷம், மாட்டுக்கெல்லாம் பிரசவம் பார்க்கிற கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு சாயங்காலம் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. நிமிர்ந்தவன் சரிந்துவிட்டான். அவளுக்கு ஏன் இந்தப் பாவம்? உருட்டினது இவன், தொட்டில் ஆடாமல் போவது அவளுக்கா?

அப்போதுதான் இன்னொன்றும் தட்டுப்பட்டது. ஏழு தலைமுறைக்கு ஆடாது என்கிறது. முதல் தலைமுறையிலேயே ஆடாவிட்டால் இரண்டாவது தலைமுறை எங்கிருந்து வரும்? மிச்சம் உள்ளதெல்லாம் யார் வீட்டுத் தலைமுறை? இத்தனை வருஷமாக வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறான், ஒருநாளாவது இது தோன்றவில்லையே. விரல் விட்டு எண்ணிப் பார்த்தான், ஒன்றுக்கு மேல் விரலை மடக்கவே முடியவில்லை. சாபம் வெட்டினவனுக்குக் கணக்கு வராதுபோல. உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டான். பண்ணினது போதாதென்று குறை வேறு சொல்லவேண்டுமா என்று தன்னையே வைதுகொண்டு, காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

புதுசாகக் கல்யாணமானவர்கள் இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். மஞ்சள் கயிறு கழுத்தில் இன்னும் விறைப்பாக நின்றது. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாக் கல்லையும் விட்டுவிட்டு மடைக்கல்லுக்கே வந்து, அவன் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, அவள் அவன்மேல் தலையை வைத்து, போனை நீட்டினார்கள். பரிபூரணம் பழக்கத்தில் எழுந்துவிட்டான். தொண்டையைச் செருமி, குரலை ஒரு படி இறக்கி, விரலையும் தயாராக வைத்துக்கொண்டு கிட்டே போனான். தூக்கின விரல் பாதியில் இறங்கிவிட்டது. தாலி வாங்கின கடையின் வாசம்கூட இன்னும் போகாத பிள்ளையிடம் எதைச் சொல்வது? யார் சொல்வது? இவனா? மாப்பிள்ளை என்ன அண்ணாச்சி என்று கேட்க, ஒன்றுமில்லை, கல்லு வெயிலில் சூடேறிக் கிடக்கிறது, கை கொப்பளித்துவிடும் என்று சொன்னான். வெயில் எட்டிப் பார்க்காத மூலை அது. இரண்டு பேரும் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு போனார்கள். சாபம் சொல்லவும் ஒரு யோக்கியதை வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

வெளியே மொபெட் வந்து நின்ற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவன் செய்ததெல்லாம் மூளை செய்தது இல்லை, கால் செய்தது. நேரே போய் மடைக்கல்லின் உடைந்த மூலைக்கு முன்னால் வலது காலை வைத்து, சில்லுப் போன இடத்தைக் குதிகாலால் மறைத்துக்கொண்டு, மற்றக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றான். நன்றாக மறைந்துவிட்டது. சபாஷ் என்று தன்னை மெச்சிக்கொள்ளப் போகிற நேரத்தில்தான் உறைத்தது: அவள் வந்ததும் முதலில் எதைப் பார்ப்பாள்? எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இந்த உலகத்தில் அவள் நிச்சயமாகப் பார்க்கப்போகிற ஒரே இடத்தில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறான். காலை எடுக்கவும் முடியாது, சந்தனமாரி உள்ளே வந்துவிட்டாள். கூடவே ஹெலன் மேடமும். வாசலில் வழி கேட்டிருப்பாள்போல, மேடமே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பச்சைச் சேலை, கக்கத்தில் மடக்கின குடை, முகத்தில் வேர்வை. ஃபேனின் சுவிட்ச் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. சந்தனமாரி குனிந்து அவன் காலைப் பார்த்தாள்.

"காலுல என்ன?" என்று கேட்டாள். "லாடம் கழண்ட மாடுதான் இப்பிடி நிக்கும்."

மரத்துப்போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். எறும்பு கடித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அக்கா வாயைத் திறக்காதே என்று சொன்னதையாவது கேட்டிருக்கலாம். பரிபூரணம் காலை எடுத்துவிட்டான். பையில் இருந்த சில்லை எடுத்து, பிரசாதம் மாதிரி உள்ளங்கையில் வைத்து மேடத்திடம் நீட்டினான். காலையில் ஃபேனை உருட்டிக்கொண்டு வந்தபோது இடித்துவிட்டது, ஃபேன் மேல் தப்பில்லை, உருட்டினது நான்தான் என்றான். பிறகு சந்தனமாரியைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவது அவனுக்கு அதுதான் முதல்தடவை.

"நான் அன்னைக்குச் சொன்னேம்லா, அந்தக் கல்லு இதுதான். நீங்க நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேண்டாம்னு சொன்னாலும் நான் தப்பா எடுக்க மாட்டேன்."

ஹெலன் மேடம் பிடித்துக்கொண்டார். ஃபேனை யார் கேட்டார்கள், காப்பாற்ற வைத்த ஆளே உடைத்தால் ஊரான் என்ன செய்யமாட்டான், மெமோ கொடுக்காமல் விடமாட்டேன், சென்னையிலிருந்து ரசாயன நிபுணர் வந்து ஒட்டுகிறவரைக்கும் அந்தச் சில்லு தன் பீரோவில்தான் இருக்கும் என்று மூச்சு விடாமல் வைதார். பரிபூரணம் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். மெமோ வரட்டும், நியாயம்தானே. அவன் காதில் பாதி விழவில்லை. பக்கத்தில் சந்தனமாரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கல்லைப் பார்த்தபடி நின்றாள், அன்றைக்கு வீட்டில் கணக்குப் போட்ட அதே சுருக்கம். மேடம் மூச்சு வாங்குகிற இடைவெளியில் கேட்டாள்.

"மேடம், ஏழு தலைமுறைக்குத் தொட்டில் ஆடாதுன்னு இவிய சொன்னாவ. மொதத் தலைமுறையிலேயே ஆடலன்னா, மிச்ச ஆறும் எங்கேருந்து வரும்? எனக்கு அன்னைக்கே கேக்கணும்னு இருந்தது. இவிய அக்கா இருந்தாவ, கேக்கல."

பரிபூரணம் குனிந்த தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். கல்லு, சாபம், மெமோ எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்க, இவள் அந்தச் சுருக்கத்துக்குள் இத்தனை நாளும் இதையா வைத்திருந்தாள், காலைப் பார்த்து வேண்டாம் என்று நினைக்கவில்லையா, இதையா நினைத்தாள் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தானும் அதையேதான் இப்போது நினைத்தேன் என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. சொன்னால் அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. ஹெலன் மேடம் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். வைதுகொண்டிருந்த குரல் இறங்கிவிட்டது. தொடாதீர்கள் என்று போர்டு வைத்துப் பார்த்தாராம், கயிறு கட்டிப் பார்த்தாராம், பிள்ளைகள் கயிற்றில் ஊஞ்சல் ஆடியதுதான் மிச்சம். ஒருநாள் ஆத்திரத்தில் வாயில் வந்ததை எடுத்துவிட்டார். அதைக் கேட்ட ஒரு பிள்ளையின் கைகூட மறுபடி கல்லில் படவில்லை. இதை இவன் நிஜமென்று நம்பி, ஊரெல்லாம் சொல்லி, வெளியில் போய்ப் பெண் பார்க்கிற வீட்டிலும் சொல்லுவான் என்று யார் கண்டது என்று பரிபூரணத்தைப் பார்த்துச் சொன்னார். ஆண்டவர் மன்னிப்பாராக என்று வேறு முணுமுணுத்தார்.

"அப்ப இதுல என்னதான் எழுதியிருக்கு?" என்று கேட்டாள் சந்தனமாரி.

மேடம் குனிந்து கல்லில் விரலை ஓட்டினார். குளத்துக்கு ஒருத்தன் மடை கட்டி வைத்தானாம். மடை பழுதானால் பார்ப்பதற்குக் கொஞ்சம் நிலமும் விட்டானாம். பெரிய ராஜா இல்லை, சின்ன ஊர்த்தலைவன். சாபம் ஒன்றும் போடவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் மேடத்தின் விரல், சில்லுப் போன மூலைக்குச் சற்று மேலே நின்றது.

"'இந்தத் தர்மத்தைக் காப்பாத்துறவன் பாதம் என் தலைமேல'ன்னு முடிச்சிருக்கான்."

மேடமும் சந்தனமாரியும் ஒன்றாகக் குனிந்து பரிபூரணத்தின் காலைப் பார்த்தார்கள். அவனுக்குக் கூச்சம் தாங்கவில்லை. ஒரு காலை எடுத்து இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்தான், ஒளித்த கால் ஆட, அதை எடுத்து முன்னால் வைத்து மற்றதை ஒளித்தான். நரம்பு புடைத்த கால், வெடித்த குதிகால், ஊக்கு குத்தின செருப்பு. இதைப் போய் எவனோ ஒருத்தன் தலைமேல் வைத்துக்கொள்கிறேன் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கல்லில் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், இவன் அதற்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு இத்தனை காலம் அவன் பேரில் ஊரை வைததைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. பாவம், நல்ல மனுஷன்.

"வாரு அறுந்திருக்கே. ஊக்கு குத்தாதா?" என்றாள் சந்தனமாரி.

"குத்தும்."

"பஸ் ஸ்டாண்டுல தைக்கிற ஆள் உண்டு. போற வழியில தச்சிருவோம். இங்க எப்ப சாத்துவிய?"

"அஞ்சு மணிக்கு."

"அதுவரைக்கும் நான் இங்கன இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அவனுடைய இரும்பு நாற்காலியை ஃபேனுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குடையை மடியில் வைத்துக்கொண்டாள். பரிபூரணம் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டான்.